நினைவு மலரில் என் வீட்டுக்காரரைப் பற்றி எதை எழுதுவது, எதை விடுவது?

அம்மாப்பேட்டை மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் என் வீட்டுக்காரருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். திதி கொடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவதோடு, ஒரு சின்ன நினைவு மலரும் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். மகன் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். "அன்பும் பண்பும் அடக்கமும் நிறைந்தவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர், ஈடு செய்ய முடியாத இழப்பு." படித்துவிட்டு அவனுக்கு ஃபோன் செய்தேன். "தம்பி, இதில் உன் அப்பா எங்கே இருக்கிறார்? பெயரை மாற்றினால் அடுத்த தெருக்காரருக்கும் இது பொருந்துமே" என்றேன். "அப்படியானால் நீயே எழுது அம்மா" என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னான். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் அப்பாவின் தறிக்குப் பாவு சுற்றப் போனவள் நான்.

அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் பழம் பறித்தவர்கள். 1970இல் மலையை விட்டு இறங்கித் தொழிற்பயிற்சிக்கு ஃபிட்டர் பிரிவில், அதாவது இரும்பை அளந்து அராவிப் பொருத்தும் தொழிலில், சேர்ந்தார். இரண்டு வருடப் படிப்பு, பிறகு தொழில் பழகுநர் பயிற்சி, சில வருடம் தனியார் பட்டறை வேலை, அதன்பின் சென்னை கிண்டியில் பயிற்றுநர்களுக்கான பயிற்சி. 1978இல் பயிற்றுநராக அரசு வேலை. பெரும்பகுதி கோரிமேடு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில்தான். நடுவில் சில வருடம் தருமபுரி. 2010இல் 58 வயதில் ஓய்வு. இதை அச்சடித்தால் நாலு வரி. நான் எழுத நினைப்பது இந்த நாலு வரிக்குள் வரவில்லை.

கால்பலகைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபிட்டர் படிப்பில் முதலில் கற்றுக்கொடுப்பது அரம் பிடிக்க. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடை, நிற்பவனின் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பார். அதற்கு மேலே இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அரம் ஆடும், அராவிய முகம் நடுவில் மேடு தட்டிவிடும். ஆனால் பட்டறையில் பெஞ்சு எல்லோருக்கும் ஒரே உயரம். சேருகிற பையன்களில் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். மலை ஊர்களிலிருந்தும் வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். நல்ல சாப்பாடு கண்டிராத உடம்பு. வைஸ் அவர்களுடைய நெஞ்சுக்கு நேரே நிற்கும். இவர் பழைய பேக்கிங் பெட்டிகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று பலகைகள் செய்தார். முதல் நாளே பையனைப் பெஞ்சருகே நிறுத்தி முழங்கையை மடக்கச் சொல்லி, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறு அங்குல ஸ்டீல் ரூலால் அளந்து, அவனுக்கான பலகையைக் காலடியில் போடுவார். பையன் வளர வளரப் பலகை மாறும். "அந்த நாகலூர்ப் பையன் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டான்" என்று சாயங்காலம் வந்து சொல்வார். அவர் சட்டையைக் கழற்றும் முன்பே சொல்லுகிற முதல் செய்தி அதுவாக இருக்கும்.

முதல் மாதத்தில் கை கொப்பளித்துப் பையன்கள் நின்றுவிடுவார்கள். இரண்டு நாள் வராவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவார். அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கேயோ ஒரு காட்டு வீட்டில் இரவு களி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அப்பன் பையனைச் செங்கல் சூளைக்கு அனுப்பியிருந்தானாம். திங்கட்கிழமை பையன் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

என்னைப் பெண் பார்க்க வந்த கதை உறவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழுத ஆசை. சொந்தக்காரர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் தறியை ஓட்டிக்காட்டும்படி அப்பாவைக் கேட்டு, பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருக்கிறார். ஜக்கார்டுப் பெட்டியில் ஒரு கொக்கி சரியாகத் தூக்காமல் புடவைக் கரையில் ஒரு இழை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அப்பா அதோடு ஒரு மாதமாக மல்லாடிக்கொண்டிருந்தார். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஏணியில் ஏறினார். அவர் இறங்குவதற்குள் அப்பா மனதில் முடிவு செய்துவிட்டாராம். என்னைக் கேட்டால், நான் அதற்கும் கொஞ்சம் முன்பே.

1981இல் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது சேலம் முழுக்க அதே பேச்சு. அவருடைய பையன்கள் சிலர் அங்கே வேலைக்குப் போனார்கள். இவரையும் கூப்பிட்டவர்கள் உண்டு, சம்பளம் கூடுதல். மகள் வயிற்றில் இருந்த நேரம், எனக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது, சண்டை கூடப் போட்டேன். "இந்தப் பையன்கள் பாதிப் பாடத்தில் இருக்கிறார்களே" என்றார். அடுத்த வருடமும் பையன்கள் பாதிப் பாடத்தில்தான் இருந்தார்கள். அப்படியே முப்பத்திரண்டு வருடம்.

இப்போது என் சந்தேகங்கள். அரம், வைஸ், பலகை என்று எழுதினால் உறவுக்காரர்கள் படிப்பார்களா? வேறு யாராவது இப்படி மலர் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவருடைய கோபத்தை எழுதலாமா? வீட்டில் குரல் உயராத மனிதர், பட்டறையில் ஒரே ஒரு காரியத்துக்குப் பொங்கிவிடுவார்: அராவிய தூளைப் பையன்கள் வாயால் ஊதினால். ஒரு பையனுடைய கண்ணில் தூள் ஏறி, அவனைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வைத்துக் கொண்டுபோனதிலிருந்து அந்தக் கோபம்.

கடைசியாக, நோய். 2016இலிருந்து பார்க்கின்சன். வலது கை நடுங்க ஆரம்பித்தது. எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது. மகள் அதை மலரில் எழுதவே கூடாது என்கிறாள். "அப்பாவின் கையை யாரும் அப்படி நினைக்க வேண்டாம்" என்று அழுகிறாள். அவள் சொல்வதும் புரிகிறது. எட்டு வருடத்தை எழுதாமல் தாண்டுவது எனக்கு முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வெல்டர் பிரிவு, ஓய்வு

அம்மா, வணக்கம். நான் வேறு மாவட்டத்தில் வெல்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டுக்காரரோடு பழகும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கால்பலகையைப் பற்றிப் படித்ததும் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வைஸ் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். பெஞ்சைக் குறைக்க முடியாவிட்டால் பையனை உயர்த்தலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

அரம், வைஸ் என்று எழுதினால் படிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எழுதுங்கள். சொல்லப்போனால் இன்னும் நுணுக்கமாக எழுதுங்கள். அரத்தை முன்னால் தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனியைப் பிடித்த கையில் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும், நடுவில் இரு கையிலும் சமம், முடிவில் பிடி பக்கத்துக் கையில் கூடுதல், திரும்பி வரும்போது அழுத்தமே கூடாது. இதைப் பையனின் கைமேல் தன் கையை வைத்துத்தான் சொல்லித்தர முடியும். அராவிய முகத்தை விரலால் தடவக் கூடாது. வியர்வை பட்டால் அரம் வழுக்கும். அரத்தின் பல்லில் துகள் அடைக்காமல் இருக்கச் சுண்ணக்கட்டி தேய்க்க வேண்டும். இவற்றை அவர் எப்படிச் சொன்னார், என்ன வார்த்தையில் சொன்னார் என்பது அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேளுங்கள்.

கேட்கும்போது "சாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் உங்கள் மகன் எழுதிய வரிகள்தான் திரும்பி வரும். "உங்கள் முதல் ஜாப் (பயிற்சிக்காக அராவிச் செய்த துண்டு) எது, சார் அதை எத்தனை தடவை திருப்பிக் கொடுத்தார், என்ன சொல்லித் திருப்பிக் கொடுத்தார்" என்று கேளுங்கள். ஃபிட்டர்களில் முதல் ஜாபைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி செய்த ஆண் பெண் துண்டுகளைச் சேர்த்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம் அல்லவா? அப்படிப் பிடித்து ஒரு படம் எடுத்தால், மலரின் அட்டைக்கே போடலாம்.

கோபத்தையும் எழுதுங்கள் அம்மா. தூளை ஊதியதற்காகத் திட்டு வாங்கிய பையன்களின் கண்ணெல்லாம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அச்சகம்

வேலை விஷயம் மட்டும் சொல்கிறேன் அம்மா. நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்கில் வர வேண்டும்: 16, 20, 24. எழுதி முடித்த பிறகு எத்தனை பக்கம் என்று முடிவு செய்யுங்கள். பக்கத்தை முதலில் முடிவு செய்தால் நிரப்புவதற்காக எழுதத் தோன்றும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஃபோனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். ஆல்பத்திலிருந்து பிரித்து, 300 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்து கொடுங்கள். ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம், ஆல்பத்தோடு கொண்டுவாருங்கள்.

மெய்ப்பு பார்க்கும்போது பெயர்களையும் வருடங்களையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நினைவு மலரில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விட்டுப்போய்க் குடும்பத்தில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை நின்றதைக் கண்டிருக்கிறேன். தை மாதம் என்றால் மார்கழி முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பொங்கல் நெருங்கினால் காலண்டர் வேலையில் எந்த அச்சகமும் உங்களுக்கு முகம் கொடுக்காது.

கிருஷ்ணகிரி பானு

அக்கா, என் அப்பாவுக்கு நாங்கள் மலர் போட்டோம். அதனால் சொல்கிறேன். நோயை விட்டுவிடுங்கள். எங்கள் அப்பா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். தம்பி அதை ஒரு பக்கம் உருக்கமாக எழுதினான். இப்போது உறவுக்காரர்கள் எங்களைப் பார்த்தாலே அந்தப் படுக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அறுபது வருடம் வயலில் நின்ற மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மகள் மனது அவள் அப்பாவை நிற்கிற கோலத்தில் பார்க்க ஆசைப்படுகிறது. அதற்கு இடம் கொடுங்கள். நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு.

வார்டு எண் ஏழு

வணக்கம் அம்மா. நான் நரம்பியல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர். பானு சொல்வதை மறுக்க நான் வரவில்லை. பார்க்கின்சனைப் பற்றி உங்கள் மகளுக்குத் தெரிந்தால் மனம் ஆறலாம் என்ற ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகமாக இருக்கும். மடியில் வைத்திருக்கும்போது ஆடும் கை, ஒரு பொருளை எடுக்கப் போகும்போது அடங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நோய் முற்றும்போது இது மாறலாம், எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இருப்பதில்லை. ஆனால் ஆரம்ப வருடங்களில் பலருக்கு அப்படித்தான். வேலை செய்யும் கை நிதானமாக இருக்கும். ஓய்ந்த கைதான் நடுங்கும். எழுத்து சுருங்குவதும் அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதால் அசைவுகளின் அளவு சிறுத்துவிடுகிறது. எழுத ஆரம்பிக்கும்போது ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, வரி போகப் போகச் சின்னதாகும். கோடு போட்ட தாளில், "பெரிதாக எழுதுங்கள்" என்று பக்கத்தில் இருந்து சொன்னால் கொஞ்சம் மீளும்.

ஐயாவுக்கும் அரத்தை எடுத்தால் கை அடங்கியதா? அப்படி இருந்தால், அதை எழுதுவது நோயை மட்டும் எழுதுவதாக ஆகாது என்று எனக்குப் படுகிறது.

மலைக்காப்பி

அம்மா, இதைப் படித்துவிட்டுக் கை ஓடவில்லை. எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பி. ஒன்று கேட்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஐயா ஓய்வுக்குப் பிறகு கார்த்திகை, மார்கழியில் பையில் ஸ்பானரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் மலை ஏறி வருவாரா? சட்டைப் பையில் ஸ்டீல் ரூல் இருக்குமா? அப்படியானால் எங்கள் பல்பரைச் சரி செய்து கொடுத்தவர் அவர்தான். எங்கள் ஊரில் அவரை "ஃபிட்டர் ஐயா" என்றுதான் தெரியும். சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. இரண்டு மூன்று வருடமாக வரவில்லையே என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போதுதான் தெரிகிறது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் நீக்கியாக வேண்டும். அதற்குக் கையால் சுற்றும் பல்பர் சிறு விவசாயிகளிடம் இருக்கும். உருளையின் மேல் செப்புத் தகடு, அதில் குமிழ் குமிழாகப் புடைப்பு. எதிரே ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே பழம் நசுங்கித் தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் போகும். இடைவெளி குறைந்தால் கொட்டை வெட்டுப்படும். அந்தக் கொட்டை புளிக்கும்போது கறுத்து நாற்றம் பிடிக்கும், வியாபாரி விலையைக் குறைப்பார். இடைவெளி கூடினால் பழம் முழுசாக வெளியே விழும். பருவத்தின் நடுவில் பழம் பருமனாகவும் கடைசியில் சின்னதாகவும் வரும், அதற்கேற்பத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஆளைக் கூப்பிட்டுச் செலவு செய்து, ஆள் வருவதற்குள் பழம் கெட்டு, இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே இந்த மலைக்குக் காப்பி வந்துவிட்டது என்கிறார்கள். பெரிய எஸ்டேட்டுகளுக்குச் சொந்தப் பட்டறையும் மெக்கானிக்கும் உண்டு. ஒன்றரை ஏக்கர்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஐயா முதல் தடவை வந்தபோது சரி செய்துவிட்டு உடனே கிளம்பவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "நீதான் தினமும் இதைச் சுற்றுகிறாய், நீ கற்றுக்கொள் அம்மா" என்றார். எல்லாத் திருகையும் அவரே தளர்த்திவிட்டு, அவளை மறுபடி வைக்கச் சொன்னார். ஒரு கைப்பிடிப் பழம் போட்டுச் சுற்றி, கொட்டையைத் தண்ணீரில் அலசிப் பார்த்து, வெட்டு இருந்தால் மறுபடியும். மத்தியானம் வரை நடந்தது. கடைசியில் அவள் வைத்த இடைவெளியில் ஒரு கொட்டைகூட வெட்டுப்படவில்லை. போவதற்கு முன் பென்சிலில் ஒரு படம் வரைந்து, எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். பிளாஸ்டிக் உறை போட்டு இன்றைக்கும் அதே இடத்தில் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பல்பரை இப்போது என் மனைவிதான் சரி செய்கிறாள்.

பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். பஸ் காசு மட்டும், அதுவும் வற்புறுத்தினால். கமலா ஆரஞ்சு ஒரு பை கொடுப்போம். "வீட்டில் ஒருத்திக்குப் பிடிக்கும்" என்று வாங்கிக்கொள்வார்.

அந்தப் படத்தை வேண்டுமானால் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன் அம்மா. அசலைத் தர மாட்டேன் என்று என் மனைவி சொல்கிறாள், மன்னிக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை மகள்

பதில் எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. மலைக்காப்பித் தம்பி, அவரேதான். ஆரஞ்சைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, எங்கே போனார் என்பதைப் பற்றி "சின்ன வேலை" என்று மட்டும் சொல்வார். பழைய லைன் வீட்டுப் பக்கம் யாராவது தெரிந்தவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அசல் அங்கேயே சுவரில் இருக்கட்டும். நானும் மகளும் பழம் அரைக்கும் நாளில் ஒரு தடவை வருகிறோம். அவள் சுற்றுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

செவிலியர் அம்மா, நீங்கள் கேட்டது அப்படியே உண்மை. இதை நான் மகளிடம் படித்துக் காட்டினேன். ஆரம்பத்தில் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வலது கை மடியில் ஆடும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போவார். அங்கே ஜன்னலோரம் ஒரு சின்ன வைஸ் பொருத்தியிருந்தார். அரத்தைப் பிடித்தால் கை நின்றுவிடும். செய்ய வேண்டிய ஜாப் எதுவும் இல்லை. ஒரு இரும்புத் துண்டை எடுத்துச் சதுரமாக்குவார், மறுபடி சிறிதாக்கிச் சதுரமாக்குவார். அரத்தின் சத்தம் கேட்டால் நான் அடுப்படியிலிருந்து வெளியே வர மாட்டேன், அவர் கை நிற்கிறது என்று தெரிந்துகொள்வேன். பின்னாளில் அதுவும் போய்விட்டது. அதையும் எழுதத்தான் போகிறேன்.

மகள் ஒரு வழிக்கு வந்திருக்கிறாள். கடைசிக் காலத்துப் படம் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறாள். அதை நான் ஒத்துக்கொண்டேன். பானு, நீ சொன்ன படுக்கை விஷயம் என் மனதில் தைத்தது; படுக்கையைப் பற்றி ஒரு வரியும் வராது. ஆனால் அவருடைய நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே போடுகிறோம். மேலே முத்து முத்தாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கடுகளவாக ஆகிவிட்ட பக்கம். அதில் எழுதியிருப்பது நுண்ணிய அளவு எடுக்கும் வெர்னியர் காலிப்பரைப் பார்ப்பது எப்படி என்று, பேரனுக்காக. கடைசி வரியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிகிறது. 0.02 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது.

மகள் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறாள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அவள் கேட்டாள் என்பதற்காக அவளுக்கும் பலகை போட்டு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் புறாவின் வால் போல விரியும் வடிவத்தில் ஒரு பொருத்தம் செய்தாள். அவர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, இடது மூலையில் வெளிச்சம் வருகிறது என்று திருப்பிக் கொடுத்தார். அவள் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் தொடவில்லை. பிறகு முடித்தாள். கோயமுத்தூரில் அவள் வேலை செய்யும் மேசையில் இப்போதும் காகிதத்தின் மேல் பாரமாக இருப்பது அதுதான். மகனுடைய கதை வேறு. அவன் அப்பாவின் பிரிவிலேயே படித்தான், பட்டறையில் "சார்" என்றுதான் கூப்பிட்டான், அவன் ஜாபுக்கு மதிப்பெண் போடாமல் பக்கத்துப் பிரிவுப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டார். "இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை" என்று அவனுக்கு மனத்தாங்கல் உண்டு. போன வாரம் பின்கட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலத்தில் அவனுடைய முதல் ஜாப் இருந்தது. துருப்பிடிக்கவில்லை. வருடா வருடம் எண்ணெய் மாற்றியிருக்கிறார். ஒசூரில் இருக்கும் அவனுக்கு ஃபோன் செய்து சொன்னேன். அவன் பேசவில்லை. இரவு மறுபடி கூப்பிட்டு, "நான் எழுதியதைக் கிழித்துவிடு அம்மா, வேறு எழுதித் தருகிறேன்" என்றான்.

வெல்டர் ஐயா, அட்டைக்கு நீங்கள் சொன்ன படத்தை மகளின் அந்தப் புறா வால் பொருத்தத்தையே வைத்து எடுக்கிறோம். கோபமும் உள்ளே வருகிறது.

அச்சகத்துத் தம்பி, 24 பக்கம் வரும் போலிருக்கிறது. ஆல்பத்தோடு நானே செவ்வாய்ப்பேட்டைக்கு வருகிறேன், கார்த்திகை முடிவதற்குள். பேரப்பிள்ளைகளின் பெயரை மகனும் மகளும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒரு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். 1978லிருந்து 2010 வரை கோரிமேட்டிலோ தருமபுரியிலோ ஃபிட்டர் பிரிவில் கால்பலகை மேல் நின்று படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர், படித்த வருடம், எத்தனை அங்குலப் பலகையில் தொடங்கினீர்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள். அப்படியே வரிசையாக அச்சடிக்கிறேன்.